எதிரணி இல்லாத மேடை

எங்கள் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவர் தீர்ப்புச் சொல்லி முடித்து, கைதட்டல் அடங்கிய பின், தோற்ற அணியின் தலைவர் எழுந்து ஒரே ஒரு சொல்லைக் கேட்கலாம்: "ஏன்?" நடுவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், வெளியூரிலிருந்து மாலை மரியாதையோடு அழைத்து வரப்பட்டவராக இருந்தாலும், எழுந்து நின்றுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொன்ன பதிலை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. "பொதுவாகப் பார்க்கும்போது" என்று அவர் மழுப்பத் தொடங்கினால், பின்வரிசையிலிருந்து "அது பதில் இல்லை ஐயா" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலைத் தண்டிக்க மன்றத்தின் விதிகளில் இடமில்லை.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நான் படித்த ஆண்டுகளில், வகுப்பறையைவிட அந்த மன்றத்தில் கற்றதே மிகுதி. தோற்றும் இருக்கிறேன்; வென்றதே அதிகம். இதில் அடக்கம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னர்தான் சீட்டு எடுப்போம். ஒட்டிப் பேசுவதா, வெட்டிப் பேசுவதா என்பதைச் சீட்டு முடிவு செய்யும். ஆகவே எந்தத் தலைப்பானாலும் இரண்டு பக்கத்துக்கும் வாதங்களை அடுக்கி வைத்திருப்பது எங்கள் பழக்கம். இறுதியாண்டில் நடந்த போட்டியின் தலைப்பு, ஆசிரியர் தகுதித் தேர்வு கல்வியின் தரத்தை உயர்த்துகிறதா, இல்லையா என்பது. 'உயர்த்துகிறது' என்ற சீட்டு என் கைக்கு வந்தது. பேசினேன், கேடயம் வாங்கினேன். திருநகரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலுள்ள பலகையில் அது இன்றும் நிற்கிறது. அம்மா வாரந்தோறும் அதைத் துடைத்து வைக்கிறார். அண்மைக் காலமாக அவர் துடைக்கும் விதத்தில் லேசான கேலி கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கல்வியியல் பட்டம் முடித்தபின் திருமங்கலத்தைத் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. பருத்திக்காடும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வரும் சாலையின் முடிவில் இருக்கும் பள்ளி அது. சமூக அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாததால், பள்ளி மேலாண்மைக் குழு என்னைத் தற்காலிகமாக அமர்த்தியது. அதே முறையில் அறிவியல் பாடத்துக்கு என் நண்பனும் வந்து சேர்ந்தான். மதுரையின் பழைய நகரத்தில், பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் அவனுடைய அத்தாவுக்கு வளையல் கடை. காலையில் அவன் தன் வண்டியில் பசுமலை வழியாகத் திருநகர் வந்து என்னை ஏற்றிக்கொள்வான். மாலையில் அதே வழியில் இறக்கிவிடுவான். இருவருமே தகுதித் தேர்வில் ஒரு முறை தோற்றவர்கள். வண்டியில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்தத் தேர்வைப் பற்றித்தான் இருக்கும்.

நான் சேர்ந்த மறு மாதமே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிறு சொற்போர் மன்றம் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுடையது. சீட்டு எடுப்பதையும், தோற்றவர் "ஏன்" என்று கேட்பதையும், நடுவர் நின்று பதில் சொல்வதையும், அவர் மழுப்பினால் பின்வரிசை மறுப்பதையும் அப்படியே அங்கே கொண்டு வந்தேன். முதல் சில வாரங்கள் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டார்கள். பிறகு கூச்சம் எனக்குத்தான் வந்தது. அவர்களுக்கு நிறைவாகப் பதில் சொல்வதற்காக நான் முந்தைய இரவே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

தலைமையாசிரியை கண்டிப்பானவர், என்மீது பிரியமானவரும்கூட. ஒருநாள் மதிய உணவு வேளையில் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்து, ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

"தம்பிகளா, எனக்கு உங்க ரெண்டு பேரையும் விட மனசில்ல. ஆனா வர்ற ஜூன் கடைசிக்குள்ள தேர்ச்சிச் சான்று வரலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. தற்காலிகமா இருந்தாலும் பாஸ் பண்ணவங்கதான் வேணும்னு குழுவுல முடிவாயிருச்சு. இந்தத் தடவை எப்படியாவது முடிச்சிருங்க."

ஆக, வழக்கு மிக எளியது. தேறினால் அந்தப் பள்ளி, தேறாவிட்டால் வெளியே. மதுரையில் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கி என்னால் பிழைத்துக்கொள்ள முடியும். ஆனால் எனக்கு வேண்டியது அந்த எட்டாம் வகுப்பும் அந்த வெள்ளிக்கிழமையும்.

முதல் முறை நான் ஏன் தோற்றேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என்னை வளர்த்த பயிற்சியேதான் காரணம். ஒரு கேள்வி, அதன் கீழே நான்கு விடைகள். அவற்றில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருக்க வேண்டும். தேர்வு வைத்தவர்களின் கண்ணுக்கு அவை நான்கு விடைகள்; என் கண்ணுக்கு நான்கு சீட்டுகள். முதல் விடைக்காக மனத்துக்குள் வாதாடுவேன். அது சரியாகவே படும். இரண்டாவதற்காக வாதாடுவேன், அது இன்னும் சரியாகப் படும். எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவான, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதியில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும். வரலாற்றுக் கேள்விகளில் ஒரே விடை இருக்கும். கோபப்படும் குழந்தையிடம் ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே விடை எப்படி இருக்க முடியும்? அந்தத் தேர்வில் வாதங்களை முடித்து நான் தலை நிமிர்ந்தபோது கண்காணிப்பாளர் தாளை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே இரண்டாம் முறை நண்பனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு துணிக்கடையின் மாடியில் அது நடந்தது. பயிற்றுநர் என் பிரச்சினையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி மருந்து சொன்னார்.

"நீங்க யோசிக்காதீங்க தம்பி. கேள்வி எடுத்தவர் என்ன யோசிச்சிருப்பாருன்னு மட்டும் யோசிங்க. உங்க கருத்த அவங்க கேக்கவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். எனக்கோ சுள்ளென்று கோபம் வந்தது. ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், அவருடைய கருத்து ஒன்றுக்குத்தான் இடமில்லை என்று ஓர் ஆசிரியரே சொல்கிறார். அதை நாற்பது ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். கேடயம் வாங்கிய நாளில் நான் அடுக்கிய வாதங்கள் நினைவுக்கு வந்தன. தேர்வு ஒரு வடிகட்டி என்று பேசியிருந்தேன். எது மேலே தங்கும், எது கீழே இறங்கும் என்பதை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சீட்டில் அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும் மருந்தைச் சாப்பிட்டேன். மாதக்கணக்கில் மாதிரித் தாள்களை எழுதி, என் கருத்தை அடக்கப் பழகினேன்.

பசுமலையில் ஒரு பள்ளியில் எனக்குத் தேர்வு மையம். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கறுப்புப் பேனாவைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை. எனக்கு முன் வரிசையில் என் அப்பா வயதிருக்கும் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பணியில் இருப்பவர்களும் இந்தத் தேர்வை எழுதியாக வேண்டும் என்று ஆனபிறகு வந்து சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறாராம். மணி அடிப்பதற்கு முன் என் பக்கம் திரும்பி, வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தொட்டுவிட்டால் செல்லாதாமே, உண்மையா தம்பி என்று கேட்டார். லேசாகத் தொட்டால் பாதகமில்லை என்றேன். எனக்கே உறுதியாகத் தெரியாது. அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியதால் அப்படிச் சொன்னேன்.

தேர்வு நன்றாகவே போனது. எங்கும் நான் தயங்கி நிற்கவில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

அந்தக் கேள்வி இதுதான். வகுப்பில் ஒரு மாணவர் தொடர்ந்து கேள்வி கேட்டுப் பாடத்தை இடைமறிக்கிறார். ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? கேள்வியைக் கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்வது, அ. பாடத்தை முடித்தபின் கேட்கச் சொல்வது, ஆ. அந்தக் கேள்வியை வகுப்பின் முன் வைத்து மற்ற மாணவரையும் விடை தேடச் செய்வது, இ. பெற்றோரை அழைத்துப் பேசுவது, ஈ.

பயிற்றுநர் சொன்னபடி, கேள்வி எடுத்தவர் என்ன யோசித்திருப்பார் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அமைதியான வகுப்பு வேண்டும், ஆகவே ஆ. பேனாவை ஆ-வின் மேல் கொண்டுபோனேன். அப்போது வெள்ளிக்கிழமைகளில் "ஏன் சார்" என்று கேட்கும் பிள்ளைகள் என் நினைவுக்கு வந்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் சொந்த விடையைக் கருக்கினேன். இ.

சில வாரங்களில் தற்காலிக விடைக்குறிப்பு இணையத்தில் வெளியானது. வினாத்தாளில் நான் குறித்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டுக் கூட்டினேன், திரும்பவும் கூட்டினேன். தேர்ச்சிக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. அந்தக் கேள்விக்கு அவர்கள் குறித்திருந்த விடை, ஆ.

தவறான குறிப்பை எதிர்த்து ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாள் அவகாசம் உண்டு. இணையப் பக்கத்தில் கேள்வியைத் தேர்ந்தெடுத்து, நாம் சரியென்று கருதும் விடையைக் குறிப்பிட்டு, காரணத்தை எழுதி, ஆதாரமாக அங்கீகரிக்கப்பட்ட பாடநூலின் பக்கத்தைப் படமெடுத்து இணைக்க வேண்டும். கைடுகளை ஏற்க மாட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஒரு வழியாக என் களத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வட்டம் கருக்குவதில் என்னை வெல்லலாம். வாதத்தில் வெல்ல முடியாது. ஆதாரமும் கைவசம் இருந்தது. எங்கள் கல்வியியல் பாடநூலில் ஓர் இயல் முழுவதும், மாணவரின் கேள்வியை வகுப்பின் கேள்வியாக மாற்றுவதைப் பற்றியே பேசுகிறது.

அவகாசம் முடிவதற்கு முந்தைய நாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், திருமங்கலம் சாலையில் நாங்கள் வழக்கமாக நிறுத்தும் டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் கடைசி வாக்கியங்களை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன். நண்பன் எந்தக் கேள்விக்கு ஆட்சேபணை போடுகிறேன் என்று கேட்டான். சொன்னேன். அவன் கிளாசை மேசையில் வைத்தான்.

"நான் அதுக்கு ஆ போட்டுருக்கேன் மாப்ள."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. சரி, இருவரும் வேறு வேறு விடை குறித்திருக்கிறோம், அதற்கென்ன என்று கேட்டேன்.

"எனக்குப் பாஸ் மார்க் கரெக்டா நிக்குது. ஒன்னு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீ ஜெயிச்சின்னா ஆ தப்பாயிரும். நீ உள்ள போவ, நான் வெளிய வருவேன்."

தேறியது உறுதியென்று காலையில்தான் அத்தாவிடம் சொன்னானாம். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்களாம். இதை அவன் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போடவேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடினமாகவே இருந்திருக்க வேண்டும்.

"போடாதன்னு யாருடா சொன்னா. உன் மார்க்கு, நீ கேளு. ஆனா நியாயத்தச் சொல்லு. நீ பேசுறதுக்கு அங்க ஒரு பட்டன் வச்சிருக்கான். எனக்கு எங்கடா பட்டன்? குறிப்பு சரியாத்தான் இருக்கு, மாத்திராதீகன்னு சொல்றதுக்கு எங்க போய் நிக்கிறது?"

அவன் சொன்னது உண்மை. விடைக்குறிப்பை எதிர்ப்பவருக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதைச் சரியென்று சொல்பவருக்கு எதுவும் இல்லை. நான் அறிந்த மேடைகளில் எதிரணி இல்லாத மேடை ஒன்றுகூட இருந்ததில்லை. ஆட்சேபணை விதிகளை அத்தனை முறை படித்தும், இந்தக் குறை என் கண்ணில் படவேயில்லை.

அவன் மறுபடியும் கிளாசை எடுத்தான். "ஒன்னு செய். சீட்டுல உனக்கு என் பக்கம் வந்துருச்சுன்னு வச்சுக்க. பேசிக் காட்டு பாப்போம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீட்டு வந்தபின் மறுத்தவன் என்ற பெயரை நான் எந்த மன்றத்திலும் எடுத்ததில்லை. எழுந்து நின்றேன். அறிவியல் ஆசிரியர் ஒருவர் சோதனைக்குழாயில் அமிலத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று தொடங்கினேன். எதிரே நாற்பது பிள்ளைகள். ஒருவன் கேட்கிறான், அவன் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்த நொடியில் அதை வகுப்பின் முன் வைத்தால் நாற்பது பேரும் முன்னால் ஓடி வருவார்கள். கேள்வி கேட்பது ஒருவனின் உரிமை என்றால், பாடம் முழுமையாகக் கேட்பது மற்றவர்களின் உரிமை இல்லையா? கேள்வியைத் தள்ளி வைப்பதென்றால் அதைத் தள்ளிவிடுவது ஆகாது. அதற்கென்று ஒரு நேரம் கொடுப்பது. அந்த நேரத்தைக் கொடுத்து, கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிற ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் பொறுமையையும் கற்கிறார்கள். எங்கள் பாடநூலிலேயே, வேறோர் இயலில், கற்பித்தலின் ஓட்டம் அறுபடக் கூடாது என்று ஒரு பகுதி இருக்கிறது. அதையும் எடுத்து வைத்தேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அண்ணே, எலக்சனுக்கு எதுவும் நிக்கிறீகளா" என்று கேட்டார்.

நண்பன் சிரிக்கவில்லை. "இம்புட்டு நல்லா எனக்குப் பேச வராது. அதான் உன்னயக் கேட்டேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு வண்டியை எடுத்தான்.  திருநகரில் நான் இறங்கும்போது, "வாரேன் மாப்ள, போடுறதப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று இரவு ஆட்சேபணைப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். நான் ஆயத்தம் செய்திருந்த வாதம் குறையற்றது. ஆ தவறு, இ ஒன்றே சரி. இதோ பாடநூல், இதோ பக்கம். அப்படியே தட்டச்சு செய்தால் போதும். ஆனால் டீக்கடையில் நானே பேசியதை நான் கேட்டுவிட்டேன். மேடையில் ஒருவன் பாதி உண்மையைத் துணிந்து பேசலாம். மற்றப் பாதியைப் பேச எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற துணிவு அது. இங்கே எதிரில் நாற்காலியே கிடையாது. மற்றப் பாதியை நான் சொல்லாவிட்டால் யாருமே சொல்ல மாட்டார்கள். இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு பக்கம் மட்டும் பேசி வெல்வது எனக்கு வெற்றியாகவே படவில்லை. நண்பனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குரிய மதிப்பெண்ணைக் கேட்டேன். அவனுக்குரியதைப் பறிக்காமல் கேட்டேன்.

இரண்டு விடைகளும் சூழலைப் பொறுத்துச் சரியானவை, ஆகவே இரண்டுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும் என்று எழுதினேன். இரு இயல்களிலிருந்தும் பக்கங்களை இணைத்தேன். பெட்டிக்கு எழுத்து வரம்பு இருந்ததால், நான் மிகவும் விரும்பிய முடிவுரையை வெட்ட வேண்டியதாயிற்று. அனுப்பினேன்.

மறுநாள் காலை, வண்டியில், நண்பனிடம் அதைச் சொன்னேன். அவன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டான்.

"ஏண்டா, ஆ-வும் சரின்னு எழுதுனியா?"

எழுதினேன் என்றேன்.

"போச்சு. குறிப்பு சரிதான்னு நீயே எழுதிக் குடுத்துட்டியேடா மாப்ள. அங்க உக்காந்துருக்கவனுக்கு நடுவர் வேலையா? சரியா தப்பான்னு பாப்பான். சரின்னு எழுதியிருக்கும். அடுத்த கேள்விக்குப் போயிருவான்."

மே மாதம் இறுதி விடைக்குறிப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு நேரே ஆ மட்டும் இருந்தது. வேறு சில கேள்விகளுக்கு இரண்டு விடைகளை ஏற்றிருந்தார்கள்; அவை எனக்கு ஏற்கெனவே மதிப்பெண் கிடைத்தவை. இதற்கு ஏன் ஏற்கவில்லை, அவற்றுக்கு ஏன் ஏற்றார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நண்பன் தேறினான். நான் ஒரு மதிப்பெண்ணில் நின்றேன். அவன் தொலைபேசியில் அழைத்து, வாழ்த்தைக் கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவனை அதட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

அம்மா கேடயத்தைத் துடைத்துக்கொண்டே, "அம்புட்டுப் பேசுறவன், போயும் போயும் ஒரு வட்டத்துல விழுந்துட்டியே" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார். ஆனால் கேடயத்தைப் பாதி துடைத்தபடியே பலகையில் வைத்தார். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தோல்வி எனக்குப் புதிதில்லை. என்னைவிடச் சிறந்தவர்களிடம் தோற்றிருக்கிறேன். என்னைவிடத் தாழ்ந்தவர்களிடமும், நடுவரின் அயர்வால், தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுந்து ஒரு சொல்லைக் கேட்டு, ஒருவர் நின்று பதில் சொல்லக் கேட்டு, அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். அந்தப் பதில் பிடிக்காவிட்டாலும் அதன்மேல் கோபப்படலாம், அதை மறுக்கலாம், அடுத்த முறை அதற்கு விடை வைத்திருக்கலாம். இங்கே கோபப்படக்கூட ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லிக் கற்பிக்க வேண்டும் என்று எத்தனையோ கேள்விகளில் என்னைச் சோதித்தவர்கள், எனக்கொரு காரணம் சொல்லவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், அந்த ஆட்சேபணை எந்தக் காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று மட்டும் கேட்டேன். மன்றத்தின் ஒற்றைச் சொல்லைச் சட்டத்தின் மொழியில் எழுதினால் அவ்வளவுதான் வரும். ஜூன் நடுவில் பதில் வந்தது. வல்லுநர்கள் ஆய்ந்து எடுத்த முடிவே இறுதியானது என்பது அதன் சாரம். அதை எத்தனை முறை படித்தாலும் என் கேள்வியைத்தான் திருப்பி வேறு சொற்களில் வைத்ததுபோல் இருந்தது. பின்வரிசையிலிருந்து அந்தக் குரலை எழுப்ப எனக்கு உதடு துடித்தது. யாரை நோக்கி எழுப்புவது?

பள்ளி திறந்தபின் ஜூன் கடைசி வரை வரலாம் என்று தலைமையாசிரியை அனுமதித்திருந்தார். என்னால் இயன்றவரை பாடத்தை முன்னோக்கி நகர்த்தினேன். எனக்குப் பதிலாகத் தேர்ச்சி பெற்ற ஒருவரைக் குழு பேசி முடித்திருந்தது. அவர் நல்லவராகவே இருக்க வேண்டும். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை.

கடைசி வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சொற்போர் நடந்தது. போன ஆண்டு என்னிடம் பயின்ற பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவர்களும் வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். கைப்பேசி படிப்புக்கு உதவுகிறதா என்பது தலைப்பு. உதவுகிறது என்ற அணி தோற்றது. அதன் தலைவி ஒட்டிப் பின்னிய இரட்டைச் சடையோடு எழுந்து, "ஏன் சார்?" என்றாள். நான் நின்று பதில் சொன்னேன். அவர்கள் நான்காவது வாதத்தில் எதிரணியின் எடுத்துக்காட்டையே எடுத்தாண்டுவிட்டதையும், அதைத் திருப்பியடிக்க வாய்ப்பிருந்தும் விட்டதையும் விளக்கினேன். அவளுக்கு நிறைவாகவே இருந்திருக்க வேண்டும்; உட்கார்ந்தாள்.

மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. திங்கட்கிழமை முதல் வேறோர் ஆசிரியர் வருவார், அவரிடமும் இந்த மன்றத்தைத் தொடரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியைப் பெட்டியில் வைத்தேன்.

அவள் மறுபடியும் எழுந்துவிட்டாள். "ஏன் சார்? நீங்க ஏன் வர மாட்டீங்க?"

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். விதியில் ஒரு பாதி தானாகவே நிறைவேறியிருந்தது. மற்றப் பாதிக்கு என்னிடம் இருந்ததெல்லாம் ஜூன் நடுவில் வந்த அந்தப் பதில் மட்டுமே. ஒரு தேர்வு எழுதினேன், அதில் ஒரு கேள்விக்கு நான் எழுதிய விடை சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றேன். ஏன் சரியில்லை என்று கேட்டாள். அது அவர்களின் இறுதி முடிவு என்றேன்.

 சுவரோரமாக நின்ற கூட்டத்திலிருந்து, நானே கற்றுக்கொடுத்த அந்தக் குரல், மிகுந்த மரியாதையோடு வந்தது.

"அது பதில் இல்ல சார்."

பேசாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. சொல்லவில்லை. வெளியே நண்பன் வண்டியைக் கிளப்பி ஒரு முறை ஆரன் அடித்தான். மணி அடித்தது. ஒருவரும் பையை எடுக்கவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன்.